கடைசி ஓவருக்கு எத்தனை கோடி?

2025 மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி. தேக்காவில் வழக்கம்போல ஞாயிறு கூட்டம். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் புல்வெளியில் அமர்ந்திருந்த ஊழியர் கூட்டமொன்று ஒரே கைத்தொலைபேசியைச் சுற்றி வட்டமிட்டிருந்தது. இந்தியாவில் பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும் ஐபிஎல் ஆட்டம் நமக்கு மாலை ஆறு மணிக்கு வரும். அன்று விசாகப்பட்டினத்தில் டெல்லி கேப்பிடல்ஸ் அணியும் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணியும் மோதின.

"நம்ம நடராஜன் இன்னைக்கும் இல்லையா?" என்று கேட்டார் ஒருவர். அவர் சேலம் பக்கத்துக்காரர். கட்டுமானத் தளத்தில் வேலை.

நடராஜன் அன்றும் ஆடவில்லை. நான் அங்கே நின்றதற்குக் காரணம் ஸ்கோர் பார்ப்பதற்காகத்தான். ஆனால் வாய் சும்மா இருக்குமா? "பத்தே முக்கால் கோடி கொடுத்து வாங்கி உட்கார வெச்சிருக்காங்க. கடைசி ரெண்டு ஓவர் போடறவருக்கு இவ்வளவு பணமா அண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொடுக்கட்டுமே தம்பி. உடம்பு இருக்கிற வரைக்கும்தானே சம்பாதிக்க முடியும்?" என்றார்.

அந்தப் பதில் என்னை விடுதி அறைவரை துரத்திக்கொண்டு வந்தது. இந்தக் கட்டுரை அவருக்கு நான் அன்று சொல்ல முடியாமல் போன மறுமொழி. முழுவதும் எதிர்வாதம் என்றும் சொல்ல முடியாது.

இருபது ஓவர் ஆட்டம் தெரியாதவர் நம்மில் குறைவு. ஆனாலும் ஒரு வரி. ஓர் அணி வீசும் பந்துகள் 120. அதில் ஒருவர் அதிகம் வீசக்கூடியது 4 ஓவர், அதாவது 24 பந்து. பதினாறாவது ஓவர்முதல் இருபதாவது ஓவர்வரை மட்டையாளர்கள் விக்கெட்டைப் பற்றிக் கவலைப்படாமல் விளாசும் நேரம். அப்போது யார்க்கரும் வேகம் குறைத்த பந்தும் வீசி ஓட்டத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவருக்குத் தனி மதிப்பு. ஏலத்தில் அவருக்காகவே கோடிகள் பறக்கின்றன. அந்தக் கோடிகள் நியாயமானவையா என்பதே என் கேள்வி.

இதே கேள்வியை நம்மைவிடப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்கள். உயர்நிலைப் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியவர்களுக்கு அந்த ஆட்டத்தின் சாயல் தெரியும். பேஸ்பாலில் தொடக்க பிட்சர் ஐந்தாறு இன்னிங்ஸ் எறிந்து களைத்ததும் ரிலீஃப் பிட்சர்கள் வருவார்கள். முன்னிலையைக் காப்பாற்றக் கடைசி இன்னிங்ஸை மட்டும் எறிய வருபவருக்கு குளோசர் என்று பெயர். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் தைவானிலிருந்து வந்து என்னோடு ஒரே பணிக்குழுவில் இருந்த நண்பர் ஒருவர்தான் இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "உங்கள் ஊர் யார்க்கர் வீச்சாளரும் எங்கள் குளோசரும் ஒரே சாதி!" என்று சிரித்தார்.

அவர் சொன்ன முதல் கதை எட்வின் டியாஸ் பற்றியது. 2022ல் 62 இன்னிங்ஸ் எறிந்து எதிரணிகளைத் திணறடித்தவர் அவர். அந்த ஆண்டு நவம்பரில் நியூயார்க் மெட்ஸ் அணி ஐந்தாண்டுக்கு 102 மில்லியன் அமெரிக்க வெள்ளி கொடுத்து அவரைத் தக்கவைத்துக்கொண்டது. ஓர் அணி ஓராண்டில் எறியும் இன்னிங்ஸ் ஏறக்குறைய 1,450. அதில் 62 என்பது நான்கு விழுக்காட்டுக்குச் சற்று அதிகம், அவ்வளவே. 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் போட்டியில் தம் நாடான போர்ட்டோ ரிக்கோவின் வெற்றியைக் கொண்டாடித் துள்ளியபோது அவருடைய முழங்காலில் தசைநார் கிழிந்தது. அந்த ஆண்டு முழுவதும் மெட்ஸ் அணிக்காக அவர் ஒரு பந்துகூட எறியவில்லை.

இரண்டாவது கதை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியுடையது. 2025 ஜனவரியில் டேனர் ஸ்காட் என்ற ரிலீஃப் பிட்சருக்கு நான்காண்டுக்கு 72 மில்லியன் வெள்ளி கொடுத்தார்கள். அந்த ஆண்டில் அவர் கையில் கொடுத்த முன்னிலை பத்து முறை பறிபோனது. ஆனால் டாட்ஜர்ஸ் வாகை சூடியது! இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டத்தைக் கடைசியில் எறிந்து முடித்தவர் யோஷினோபு யமமோட்டோ. அவர் ஒரு தொடக்க பிட்சர். அதற்கு முதல் நாள்தான் ஆறு இன்னிங்ஸ் எறிந்திருந்தார். இத்தனைக்கும் பிறகு டாட்ஜர்ஸ் பாடம் கற்றதா என்றால், 2025 டிசம்பரில் அதே டியாஸை மூன்றாண்டுக்கு 69 மில்லியன் வெள்ளிக்கு வாங்கியது. பயம் பணப்பையைத் திறந்துவிட்டால் மூடுவது கடினம்தான்.

சரி, நம்முடைய ஆட்டத்துக்கு வருவோம்.

நடராஜனின் விலைப்பட்டியலை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்து தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் யார்க்கர்களால் பெயர் வாங்கியவரை, 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டு அவரால் பெரிதாகச் சோபிக்க முடியவில்லை. 2018ல் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்து இரண்டு பருவம் உட்கார வைத்தது. 2020ல் அதே 40 லட்சத்தில் அவர் 16 விக்கெட் வீழ்த்தினார். அபுதாபியில் ஏபி டி வில்லியர்ஸின் ஸ்டம்பைப் பெயர்த்த அந்த யார்க்கரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2022ல் விலை 4 கோடி ஆனது. அந்த விலையில் 2024 பருவத்தில் 19 விக்கெட். பிறகு 2025ல் டெல்லி கொடுத்தது 10 கோடியே 75 லட்சம். அந்தப் பருவத்தில் அவர் களமிறங்கிய ஆட்டங்களை ஒரு கை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மதீஷ பதிரணவின் கதையும் இதுவே. 2022ல் காயமடைந்தவருக்கு மாற்றாக 20 லட்சத்துக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு வந்தார். 2023ல் 19 விக்கெட் எடுத்தார், சென்னை கிண்ணத்தை வென்றது. 2025 பருவத்துக்கு 13 கோடி கொடுத்துத் தக்கவைத்தார்கள். அந்த ஆண்டு அவர் ஓவருக்குப் பத்து ஓட்டத்துக்குமேல் கொடுத்தார். சென்னை பத்தாவது இடத்தில், அதாவது கடைசி இடத்தில் முடிந்தது. சென்னை அவரை விடுவித்தது. 2025 டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா அவருக்கு 18 கோடி கொடுத்தது!

இதில் வீச்சாளரின் குற்றம் எதுவும் இல்லை. குற்றம் விலை போடுகிற முறையில் இருக்கிறது. அணிகள் வரப்போகும் ஆண்டின் ஓவர்களை வாங்குவதாக நினைத்துக்கொண்டு, போன ஆண்டின் ஓவர்களுக்குப் பணம் கட்டுகின்றன.

ஏன் இப்படி நடக்கிறது? கணக்கு எளிது. லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். ஒவ்வொன்றிலும் கடைசிக் கட்டத்தில் இரண்டு ஓவர் என்றால் மொத்தம் 168 பந்து. இவ்வளவு குறைவான பந்துகளை வைத்து ஒருவருடைய திறமையை எடைபோட முடியாது. யார்க்கர் அரையடி தவறினால் ஃபுல்டாஸ், மறுபக்கம் தவறினால் மட்டைக்கு வாகான பந்து. பத்துப் பந்துகள் அரையடி தள்ளி விழுந்தால் ஒரு பருவமே பாழானதுபோலத் தோன்றும். சரியாக விழுந்தால் விலை மூன்று மடங்கு ஆகும். அதோடு ஏலம் என்பதே ஒரு மயக்கம். பத்து அணிகள் ஒருவரை மதிப்பிட்டால், மற்ற ஒன்பது அணிகளைவிட அதிகமாக மதிப்பிட்ட அணியிடம்தான் அவர் போய்ச் சேர்வார். வென்ற அணி பல நேரம் ஏமாந்த அணிதான்.

இங்கே என் அறைத்தோழன் குறுக்கிடுவான். அவன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். "யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பானா? நூறு கோடிக்கு அணியைக் கட்டிவிட்டுக் கடைசி ஓவரில் தோற்றால் யாருக்கு லாபம்?" என்பான். ஆட்டத்தின் எல்லாப் பந்துகளும் ஒரே எடை கொண்டவை அல்ல, இருபதாவது ஓவரின் ஒரு பந்து எட்டாவது ஓவரின் மூன்று பந்துக்குச் சமம் என்பது அவன் வாதம். சாட்சிக்கு 2019 மே 12ஆம் தேதியைக் கூப்பிடுவான்.

ஹைதராபாதில் நடந்த அந்த இறுதியாட்டத்தைச் சென்னை ரசிகர்கள் நினைக்கவே விரும்ப மாட்டார்கள். கடைசி ஓவரில் சென்னைக்கு 9 ஓட்டம் தேவை. வீச வந்தவர் லசித் மாலிங்க. வாட்சன் ரன் அவுட். கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம் தேவை என்றபோது, வேகம் குறைத்த பந்தில் ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ. மும்பைக்கு ஒரு ஓட்ட வெற்றி. சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிவரை விழித்திருந்து அதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் காலையில் பள்ளிப் பேருந்தில் யாரோடும் பேசவில்லை.

ஆனால் அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வோமா? மாலிங்க அதற்குமுன் வீசிய மூன்று ஓவர்களில் 42 ஓட்டம் கொடுத்திருந்தார். 35 வயதான அவரை மும்பை வாங்கியது அடிப்படை விலையான 2 கோடிக்கு. அப்போது ஓர் அணியின் மொத்தப் பணப்பை 82 கோடி. அங்குசம் கைக்கு வந்தது, யானை விலைக்கு அல்ல!

இன்னொரு இறுதியாட்டம், 2023. அகமதாபாதில் மழையால் நள்ளிரவு தாண்டிய ஆட்டம். கடைசி ஓவரில் சென்னைக்கு 13 ஓட்டம் தேவை. குஜராத்தின் மோகித் சர்மா முதல் நான்கு பந்துகளில் மூன்றே ஓட்டம் கொடுத்தார். அடுத்த இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி. தேக்கா மறுநாள் வரை சிரித்த முகமாக இருந்தது. மோகித் சர்மா யார்? அதற்கு முந்திய ஆண்டு வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக வந்தவர். 50 லட்சத்துக்கு வாங்கப்பட்டு அந்தப் பருவத்தில் 27 விக்கெட் எடுத்தவர். அவருக்கு 15 கோடி கொடுத்திருந்தால் அந்த ஐந்தாவது பந்து இரண்டு அங்குலம் தள்ளி விழுந்திருக்குமா? கடைசிப் பந்துக்குத் துணிவுள்ள ஆள் வேண்டும் என்பது உண்மை. அந்தத் துணிவு விலைச்சீட்டில் எழுதியிருப்பதில்லை என்பதும் உண்மை.

"அப்படியானால் அதிக விலை கொடுத்த அணி ஜெயித்ததே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். ஜெயித்திருக்கிறது. 2024 பருவத்துக்கு மிட்செல் ஸ்டார்க்கைக் கொல்கத்தா 24 கோடியே 75 லட்சத்துக்கு வாங்கியது. 100 கோடிப் பணப்பையில் ஏறக்குறைய கால் பங்கு. கொல்கத்தா கிண்ணத்தை வென்றது, சேப்பாக்கத்தில் நடந்த இறுதியாட்டத்தில் ஸ்டார்க்தான் ஆட்டநாயகன். ஆனால் அவர் அந்தப் பணத்துக்கு ஈடுசெய்தது எந்த ஓவரில்? முதல் ஓவரில்! புதுப் பந்தை உள்ளேயும் வெளியேயும் திருப்பி எதிரணியின் தொடக்க வரிசையைச் சாய்த்துவிட்டார். 2025ல் வாகை சூடிய பெங்களூரும் ஹேசல்வுட்டுக்கு 12 கோடியே 50 லட்சம், புவனேஷ்வர் குமாருக்கு 10 கோடியே 75 லட்சம் என்று செலவழித்தது. இருவரும் புதுப் பந்திலும் வீசுவார்கள், கடைசியிலும் வீசுவார்கள்.

என் கட்சி இப்போது தெளிவாகியிருக்கும். இரு முனையிலும் வீசக்கூடியவருக்குக் கொடுங்கள். கடைசி இரண்டு ஓவருக்கு மட்டும் என்று ஒருவரை வாங்கினால் கணக்குப் பார்த்துக் கொடுங்கள்.

எவ்வளவு? என் கணக்கு இது. இரு அணிகளும் சேர்ந்து ஓர் ஆட்டத்தில் 240 பந்து. கடைசி இரண்டு ஓவர் என்பது 12 பந்து, அதாவது ஐந்து விழுக்காடு. 2025 பருவத்துக்கான பணப்பை 120 கோடி, அதில் ஐந்து விழுக்காடு 6 கோடி. கடைசிப் பந்துகளுக்கு எடை அதிகம் என்ற என் அறைத்தோழனின் வாதத்துக்காக ஒன்றரை மடங்காக்கினால் 9 கோடி. காயம், நிச்சயமின்மை ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மறுபடியும் 6 கோடி. அந்த ஒன்றரையும் மூன்றில் ஒன்றும் என் மதிப்பீடு. நீங்கள் வேறு எண் போடலாம். ஆனால் எண் போட்டுப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். நான்கு ஓவரையும் எந்தக் கட்டத்திலும் வீசக்கூடியவருக்கு இதே கணக்கு 12 கோடியில் தொடங்கி, காயக் கழிவுக்குமுன் 18 கோடிவரை போகும். பல ஆண்டுகளாகத் தம்மை நிரூபித்த பும்ராவை மும்பை 2025க்குத் தக்கவைத்த விலையும் 18 கோடிதான். அவரும் முதுகுக் காயத்தால் 2023 பருவம் முழுவதையும் இழந்தவர் என்பதை மறக்க வேண்டாம்.

நம் ஊரில் பிறந்த டிம் டேவிட்டும் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அவர் மட்டையாளர், ஆனால் அவருடைய வேலையும் கடைசி ஓவர்களில்தான். 2019 செப்டம்பரில் பாலஸ்டியர் சாலை இந்தியர் சங்கத் திடலில் சிங்கப்பூர் அணி ஜிம்பாப்வேயை நான்கு ஓட்டத்தில் வென்றபோது அணியில் இருந்தவர் அவர். 2022ல் மும்பை அவரை 8 கோடியே 25 லட்சத்துக்கு வாங்கியது. அதிரடியாகத்தான் ஆடினார். ஆனால் அணி கடைசி இடம். 2025ல் பெங்களூர் அவரை 3 கோடிக்கு வாங்கியது. அணி வாகை சூடியது. ஆள் அதே ஆள். மிச்சமான கோடிகளில் மற்ற இடங்கள் நிரம்பின.

இனி அந்தச் சேலத்து அண்ணனுக்கு வருகிறேன். "உடம்பு இருக்கிற வரைக்கும்தானே" என்று அவர் சொன்னது தம்மைப் பற்றியும்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வேகப்பந்து வீச்சாளரின் முழங்காலும் முதுகும் எவ்வளவு நாள் தாங்கும்? நடராஜனே 2021ல் முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஒருவருடைய கூலியைக் குறை என்று எழுதுகிறேனா?

இல்லை என்றே நினைக்கிறேன். ஓர் அணி எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. ஒரு வீச்சாளருக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. ஒருவருக்கு 12 கோடி கொடுத்து, அவர் காயமடைந்தால் தலையில் கைவைப்பதைவிட, ஆறு ஆறு கோடியாக இருவருக்குக் கொடுத்தால் இரண்டு குடும்பம் நிமிரும், அணிக்கும் மாற்று இருக்கும். 40 லட்சத்தில் 16 விக்கெட் எடுத்த அந்த 2020ஆம் ஆண்டில்தான் நடராஜனுக்குக் கூடுதல் பணம் சேர்ந்திருக்க வேண்டும். 2025 முதல் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 7.5 லட்சம் ஆட்டக் கட்டணம் என்று வந்திருப்பது அந்த வகையில் நல்ல தொடக்கம். உழைக்கிற ஆண்டில் கூலி வர வேண்டும், ஐந்தாண்டு கழித்து அல்ல.

மிச்சப் பணத்தை எங்கே போடுவது? தேடுவதிலும் வளர்ப்பதிலும். பதிரணவை 20 லட்சத்துக்குக் கண்டுபிடித்தது ஒரு கண். அவர் தேறிய 2023ல் சென்னையின் பந்துவீச்சுப் பயிற்றுநராக இருந்தவர் டுவெய்ன் பிராவோ. பல ஆண்டுகள் சென்னைக்குக் கடைசி ஓவர் வீசிய அவருடைய விலை 2022ல்கூட 4 கோடியே 40 லட்சம்தான். நடராஜனும் தம் பணத்தில் என்ன செய்தார் தெரியுமா? 2023ல் சின்னப்பம்பட்டியில் ஊர் இளையர்களுக்காக ஒரு கிரிக்கெட் திடல் திறந்தார். கடைசி ஓவருக்கு எங்கே செலவழிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஓர் ஒப்புதல் வாக்குமூலம். 2025 பருவத்துக்குமுன் நாங்கள் எட்டு நண்பர்கள் விடுதியில் ஒரு கற்பனை ஏலம் நடத்தினோம். ஆளுக்கு நூறு புள்ளி. தோற்றவர் எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தர வேண்டும். நான் பதிரணவுக்கு 24 புள்ளி கொடுத்தேன். 2023 இறுதியாட்டம் இன்னும் கண்ணிலேயே நின்றதுதான் காரணம். ஆறு புள்ளிக்கு மூன்று பேரை வாங்கிய அறைத்தோழன் வென்றான். யானை, அங்குசம் என்று முழங்கிய அதே ஆள்தான்! நான் எட்டாவது இடம்.

அன்றிரவு பரோட்டாவுக்குப் பணம் கட்டிய கையோடு எழுதத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை. அடுத்த ஏலத்தில் 6 புள்ளிக்குமேல் கை தூக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சென்னைக்காரர்களும் அப்படி ஒரு காகிதம் எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. தேக்காவில் அந்த அண்ணனை மறுபடி பார்த்தால் இதைப் படித்துக் காட்டுவேன். அவர் ஒத்துக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.